இருபதாம் தேதியா, இருபதாம் வருஷமா?

2019 செப்டம்பர் கடைசி வாரம். சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சகத்தின் அலுவலகத்தில் எனக்கு அது இரண்டாவது சீசன். எங்கள் ஊரில் அடுத்த வருஷக் காலண்டர் ஆல்பத்தை ஆடிப்பெருக்கு அன்று பூஜை போட்டு வெளியிடுவார்கள். அன்றைக்கு ஆரம்பிக்கிற ஓட்டம் மார்கழி வரைக்கும் நிற்காது. வெளியூர் ஆர்டர், வெளிநாட்டு ஆர்டர், ப்ரூஃப், கூரியர் என்று மாறி மாறி வரும். ஆங்கிலத்தில் வருகிற மின்னஞ்சல்களுக்குப் பதில் போடுவது என் வேலை.

மலேசியாவில் கிள்ளானிலிருந்து ஒரு மளிகைக்கடை. 2020க்கான தினசரிக் காலண்டர், அட்டையில் முருகன் படம், கீழே கடைப்பெயர், மூவாயிரம் பிரதி. சரக்கு எப்போது தயாராகும் என்று கேட்டிருந்தார்கள். "நவம்பர் இருபதாம் தேதி ரெடியாயிரும்னு எழுதிப் போடும்மா" என்று சொல்லிவிட்டு அண்ணாச்சி மிஷின் பக்கம் போய்விட்டார். நான் எழுதினேன்: "த காலண்டர்ஸ் வில் பி ரெடி இன் நவம்பர் 20."

மறுநாள் பதில் வந்தது. 2020 நவம்பரில்தான் தருவீர்களா, 2020ஆம் வருஷக் காலண்டரை அந்த வருஷம் முடியப்போகிற நேரத்தில் வாங்கி நாங்கள் யாருக்குக் கொடுப்பது, வேறு அச்சகம் பார்க்கட்டுமா என்று கேட்டிருந்தார்கள். எனக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. நான் 2020 என்று எங்கேயும் எழுதவில்லையே! அந்தக் கடையில் கணக்குப் பார்க்கிற பெண்ணை ஃபோனில் பிடித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார்: "சிஸ்டர், நீங்க சொல்றது இருபதாம் தேதியா, இருபதாம் வருஷமா?"

அப்போதுதான் என் வரியை அவர் கண்ணால் படித்தேன். ஆங்கிலம் புழங்குகிறவர் 'இன்' என்ற சொல்லைப் பார்த்ததும் அடுத்து ஒரு மாதமோ வருஷமோ வரும் என்று மனசுக்குள் இடம் போட்டு வைத்துவிடுகிறார். 'நவம்பர் 20' என்று வந்ததும் அதை மாதமும் வருஷமுமாகப் பிரித்துக்கொள்கிறார். 'ஆன்' என்று எழுதியிருந்தால் அதே 20 தேதியாகியிருக்கும். இரண்டுக்கும் ஆங்கிலத்தில் ஓர் எழுத்துதான் வித்தியாசம். அந்த ஓர் எழுத்து எங்கள் சரக்கை ஒரு வருஷம் தள்ளிப் போட்டுவிட்டது.

ஆர்டர் கைவிட்டுப் போகவில்லை. அண்ணாச்சி கோபப்படவும் இல்லை. "தேதியை விக்கிறவங்கம்மா நாம. நம்ம லெட்டர்ல தேதி பிசகலாமா?" என்று மட்டும் கேட்டார். அது எனக்கு உறைத்தது. அதற்குப் பிறகு நான் எழுதுகிற ஒவ்வொரு தேதிக்கு முன்னாலும் ஒரு நொடி நிற்கிறேன். அப்படி நின்று நின்று தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். என்னைப் போலத் தமிழ்வழியில் படித்துவிட்டு, வேலைக்காக ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும்.

பள்ளியில் இதை எனக்கு யாரும் சொல்லித்தராமல் இல்லை. டீச்சர் சாக்பீஸ் டப்பாவுக்குள் ஒரு பந்தைப் போட்டு 'இன்' என்றார், டப்பாவின் மேல் வைத்து 'ஆன்' என்றார். பொருள்களுக்கு அது அருமையான பாடம். காலத்துக்கு வந்தபோது மட்டும் டப்பாவும் இல்லை, பந்தும் இல்லை. மாதம், வருஷம் என்றால் இன். கிழமை, தேதி என்றால் ஆன். மணி என்றால் அட். மனப்பாடம் செய்தேன். கோடிட்ட இடம் கேட்டால் தவறில்லாமல் நிரப்புவேன். ஆனால் கடிதத்தில் கோடு போட்ட இடம் ஏது? இந்த இடத்தில் ஒரு சொல் வரவேண்டும், அதுவும் யோசித்துப் போடவேண்டும் என்று காட்டிக்கொடுக்க அங்கே ஒன்றுமே இல்லை. கை தன் பாட்டுக்கு எதையோ எழுதிவிட்டுப் போய்விடும்.

என் கண்ணைத் திறந்தது நானே எழுதிய ஒரு தமிழ்க் கடிதம். கிள்ளான் கடையின் பெரியவருக்குத் தமிழில்தான் வாசிக்கப் பிடிக்கும் என்பதால் அதே தகவலைத் தமிழிலும் அனுப்பியிருந்தேன். அதில் இப்படி ஒரு வரி: "நவம்பர் 20 அன்று காலை 10 மணிக்கு உங்கள் சரக்கை லாரியில் ஏற்றிவிடுவோம், டிசம்பரில் உங்கள் கைக்கு வந்துவிடும்." ஒரே வரியில் மூன்றும் இருக்கின்றன. தேதிக்கு 'அன்று', மணிக்கு 'க்கு', மாதத்துக்கு 'இல்'. ஆங்கிலக் கடிதத்தில் தடுக்கி விழுந்த அதே நான், அதே நாளில், தமிழில் ஒரு பிசகும் இல்லாமல் எழுதியிருக்கிறேன்.

சந்தேகம் இருந்தால் மாற்றிப் போட்டுப் பாருங்கள். 'ஐந்து மணியில் வா' என்று யாராவது கூப்பிட்டால் காது உடனே சுளிக்கும். 'டிசம்பர் அன்று வருவேன்' என்றால் எந்த டிசம்பர், என்ன அன்று என்று கேட்போம். '2020க்குப் பிறந்தான்' என்று எந்தப் பாட்டியும் சொல்லமாட்டாள். ஆங்கிலம் காலத்தை எங்கெங்கே மூன்றாகப் பிரிக்கிறதோ, ஏறக்குறைய அதே இடங்களில்தான் தமிழும் பிரிக்கிறது. டிசம்பரில், 2020இல் என்பவை இன். 20ஆம் தேதி அன்று, வெள்ளிக்கிழமை அன்று என்பவை ஆன். பத்து மணிக்கு என்பது அட். நமக்குப் புதிதாக ஒன்றும் கற்றுத்தரத் தேவையில்லை. காதுக்குள் இருப்பதை எடுத்துக் கையில் கொடுக்க ஒருவர் தேவை, அவ்வளவுதான். இதை ஏன் எந்த ஆங்கில வகுப்பிலும் சொல்வதில்லை என்ற ஆதங்கம் எனக்கு இன்னும் தீரவில்லை.

அப்படியானால் நான் ஏன் தவறினேன்? இதை நிறைய நாள் யோசித்தேன். பேசும்போது நாம் தேதிக்கு ஒன்றும் சேர்ப்பதில்லை. 'இருபதாம் தேதி வர்றேன்', 'புதன்கிழமை கல்யாணம்', 'மே மாசம் லீவு', எல்லாம் மொட்டையாகத்தான் வரும். அண்ணாச்சி சொன்னதும் அப்படித்தான்: 'நவம்பர் இருபதாம் தேதி ரெடியாயிரும்'. ஆங்கிலத்துக்குப் போகும்போது இங்கே ஏதோ ஒன்று வேண்டும் என்று மட்டும் தெரிகிறது. தேடினால் முதலில் கைக்கு வருவது செய்தித்தாள் தலைப்பு. 'நவ.20-ல் ஏலம்', 'ஜன.5-ல் மறியல்' என்று தினமும் பார்க்கிறோமே, அந்த 'ல்'. தலைப்பில் இடம் இல்லை. 'அன்று' என்று எழுதினால் மூன்று எழுத்து போய்விடும். அதனால் 'ல்' போட்டு முடித்துக்கொள்கிறார்கள். தமிழில் படிக்கிறவருக்கு அதனால் ஒரு குழப்பமும் வராது. ஆனால் அந்த 'ல்' நம் மனசில் 'இன்' ஆகப் பதிந்து ஆங்கிலக் கடிதத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது.

அதனால் நான் செய்வது இது. மொட்டையாக இருக்கிற பேச்சு வரியை முழுசாக நீட்டிப் பார்ப்பேன். 'இருபதாம் தேதி' என்பதோடு 'அன்று' ஒட்டுகிறதா? ஒட்டுகிறது. அப்படியானால் ஆன். 'மே மாசம்' என்பதோடு? 'மே மாசத்தில்' என்றுதான் நீள்கிறது. அப்படியானால் இன். மூன்று நொடி வேலை. ஓர் இடத்தில் இது ஏமாற்றும்: 'செவ்வாய்க்கிழமைகளில் கடை விடுமுறை' என்று கிழமையைப் பன்மையில் சொன்னால் தமிழ் 'இல்' கேட்கும், ஆங்கிலம் அங்கேயும் ஆன்தான்.

என் மேஜையில் எப்போதும் ஒரு தேதித்தாள் கட்டு இருக்கும். ப்ரூஃப் பார்க்க வைத்திருப்பது. அந்த நவம்பர் 20ஆம் தேதித் தாளை அப்புறம் எடுத்துப் பார்த்தேன். விகாரி வருஷம், கார்த்திகை 4, புதன்கிழமை. நடுவில் சிவப்பும் கறுப்புமாகப் பெரிய 20. கீழே கட்டம் கட்டமாக நல்ல நேரம், எமகண்டம், குளிகை. புதன் என்பதால் ராகு காலம் 12.00 முதல் 1.30 வரை. கட்டுக்குள் கார்த்திகை எங்கே என்று விரலால் பிடித்துப் பார்த்தேன். முப்பது தாள் கனம் இருந்தது. மாதத்துக்குத் தடிமன் உண்டு. அதற்குள் நுழையலாம், அதில் இருக்கலாம். ஒரு தேதி என்றால் ஒற்றைத் தாள். அதற்குள் நுழைய முடியாது. அதன் முகத்தின் மேல் 'முகூர்த்தம்' என்று எழுதலாம். 12.00 என்பது அந்தத் தாளில் பேனா முனை படுகிற ஒரு புள்ளி. டீச்சரின் டப்பாவும் பந்தும் எனக்கு அன்றைக்குத்தான் காலத்தோடு சேர்ந்தன. ஏழாம் வேற்றுமை இடத்துக்கும் வரும், காலத்துக்கும் வரும் என்று தொல்காப்பியமே சொல்கிறது. காலத்தை இடமாக வைத்துப் பார்ப்பது நமக்கும் பழைய பழக்கம்தான்.

அந்தத் தாள் இன்னொரு முடிச்சையும் அவிழ்த்தது. காலையில் என்றால் 'இன் த மார்னிங்'. சரி. ஆனால் திங்கட்கிழமை காலையில் என்றால் 'ஆன் மண்டே மார்னிங்'. ஏன் இங்கே மாறுகிறது? எந்தத் தாள் என்று தெரியாதவரை காலை என்பது ஒரு நீண்ட பொழுது, அதற்குள் இருக்கலாம். எந்தத் தாள் என்று தெரிந்துவிட்டால் தாள்தான் ஜெயிக்கும். '15ஆம் தேதி சாயங்காலம்', 'கல்யாணத்தன்று காலை', எல்லாவற்றுக்கும் ஆன். தமிழ் இதைக் காட்டிக்கொடுக்காது. 'திங்கட்கிழமை காலையில்' என்றே நாம் சொல்வோம். இங்கே காதை நம்பக்கூடாது, தாளை நினைத்துக்கொள்ளவேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்த பொருத்தம் பண்டிகைகளில் இருக்கிறது. 'பொங்கலுக்கு ஊருக்கு வந்தான்' என்கிறோம். 'பொங்கல் அன்று வந்தான்' என்றும் சொல்கிறோம். இரண்டும் ஒன்றா? பொங்கலுக்கு வந்தவன் போகிக்கே வந்திருக்கலாம். காணும் பொங்கல் முடிந்துதான் திரும்பிப் போயிருப்பான். பொங்கல் அன்று வந்தவன் தை முதல் தேதி வந்தவன். ஆங்கிலத்தில் 'அட் கிறிஸ்துமஸ்' என்பது அந்தச் சில நாள்களைச் சேர்த்துச் சொல்வது. 'ஆன் கிறிஸ்துமஸ் டே' என்பது டிசம்பர் 25 மட்டும். அதே க்கு, அதே அன்று! இதை முதன்முதலாகக் கவனித்த அன்றைக்கு அலுவலகத்தில் பக்கத்து மேஜைக்காரரைக் கூப்பிட்டுச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஆடிக்கு ஓர் அழைப்பு, தீபாவளிக்கு ஒரு துணி, பொங்கலுக்கு ஒரு காலண்டர் என்று நாம் சொல்கிற ஒவ்வொரு 'க்கு'வும் எனக்கு இப்போது கனமாகக் கேட்கிறது.

இனி தமிழ் கைவிடுகிற இடம். வியாபாரத்தில் காசு போகிற இடமும் இதுதான் என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

'20ஆம் தேதிக்குள் பணம் அனுப்புங்கள்.' இதை நான் ரொம்ப நாள் 'வித்தின் 20த் நவம்பர்' என்றுதான் எழுதிவந்தேன். குள் என்றால் உள்ளே, உள்ளே என்றால் வித்தின் என்ற கணக்கு. எங்கள் ஊரில் பல கடிதங்களில் இன்றும் இப்படித்தான் இருக்கும். ஆனால் வித்தின் என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரு நீளம் வரவேண்டும்: பத்து நாள், இரண்டு வாரம், ஒரு மாதம். ஒரு தேதி நீளம் இல்லை, அது எல்லைக்கல். எல்லைக்கல்லுக்கு 'பை'. தமிழில் இரண்டுக்கும் ஒரே குள் என்பதால் காது இங்கே ஒன்றும் சொல்லாது. ஆனாலும் தமிழிலேயே ஓர் அடையாளம் ஒளிந்திருக்கிறது. 'பத்து நாளுக்குள்', 'பத்தாம் தேதிக்குள்' என்று இரண்டையும் சொல்லிப் பாருங்கள். நீளத்துக்குப் பத்து, எல்லைக்குப் பத்தாம். இப்படி எண்ணோடு நாளோ தேதியோ வரும்போது, அந்த 'ஆம்' இருந்தால் பை, இல்லாவிட்டால் வித்தின். இதைக் கண்டுபிடித்த பிறகு நான் இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டதே இல்லை.

அடுத்தது வரை. '20ஆம் தேதி வரை அச்சு ஓடும்' என்பதும் '20ஆம் தேதிக்குள் அச்சு முடியும்' என்பதும் நமக்கு வேறு வேறு. முதலாவது 'அன்டில்', இரண்டாவது 'பை'. இங்கே தமிழ் நன்றாகவே பிரித்து வைத்திருக்கிறது, நம்பிப் போகலாம். ஒரு எச்சரிக்கை மட்டும். 'அக்டோபர் 31 வரை ஆர்டர் எடுப்போம்' என்றால் 31ஆம் தேதி சாயங்காலம் ஒருவர் ஃபோன் செய்தால் எடுப்பீர்களா, மாட்டீர்களா? 'பிஃபோர் 31 அக்டோபர்' என்று எழுதிவிட்டால் 31 வெளியே போய்விடும். மின்கட்டணத்திலும் பள்ளிக் கட்டணத்திலும் 'ஆன் ஆர் பிஃபோர்' என்று எழுதுகிறார்களே, அதற்கு ஒரு நியாயம் உண்டு: அந்த நாளும் சேர்த்தி என்று சண்டைக்கு இடம் இல்லாமல் சொல்லிவிடுகிறது. அழகான ஆங்கிலம் இல்லை என்று சிலர் அதைக் கழிக்கிறார்கள். கடைசித் தேதி சாயங்காலம் கவுண்டரில் நின்றவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள்.

'பத்து நாளில் அனுப்புகிறோம்' என்பதும் கவனிக்கவேண்டியது. 'இன் டென் டேஸ்' என்று எழுதினால் பத்து நாள் கழித்து என்றே பெரும்பாலும் எடுத்துக்கொள்வார்கள். ஐந்தாம் நாளே போகக்கூடிய சரக்கு என்றால் 'வித்தின் டென் டேஸ்'. 'இரண்டு வருஷமாக உங்களிடம் வாங்குகிறோம்' என்பதை 'சின்ஸ் டூ இயர்ஸ்' என்று எழுதுவது நம் நாடு முழுக்க இருக்கிற பழக்கம். அதற்கும் தமிழிலேயே மருந்து இருக்கிறது: 'ஆக' என்றால் ஃபார், 'இலிருந்து' என்றால் சின்ஸ். இரண்டு வருஷமாக, 2017இலிருந்து.

தேதியின் வரிசையைப் பற்றியும் சொல்லவேண்டும். நாம் பெரிதிலிருந்து சிறிதுக்கு வருகிறோம். '2020ஆம் வருஷம் ஜனவரி மாதம் 15ஆம் தேதி காலை 6 மணிக்கு' என்று படி இறங்குகிறோம். கிரயப் பத்திரத்திலும் இதே வரிசைதான், ஜாதகத்திலும் இதே வரிசைதான். படிகளில் எங்கும் உருபு இல்லை. கடைசிப் படியில் ஒரே ஒரு 'க்கு'. அது மொத்த வரியையும் தாங்கிக்கொள்ளும். ஆங்கிலம் தலைகீழ். மணியில் தொடங்கி மேலே ஏறுகிறது. போகிற வழியில் ஒவ்வொரு கட்டுக்கும் தனித்தனியாக ஒரு சொல் வேண்டும்: 'அட் சிக்ஸ், இன் த மார்னிங், ஆன் 15 ஜனவரி 2020'. ஒரு சொல்லால் மொத்தத்தையும் முடித்துப் பழகிய நமக்கு, நடுவில் இரண்டு விட்டுப்போவது இயல்பு. இதில் ஒரு நல்ல செய்தி உண்டு. தேதி, மாதம், வருஷம் மூன்றும் சேர்ந்து வந்தால் மூன்றுக்கும் ஒரே ஆன் போதும். தேதி வந்துவிட்டதென்றால் மாதமும் வருஷமும் அதற்கு அடங்கிப்போகும். தேதியை எடுத்துவிட்டால் உடனே இன் ஆகிவிடும். நம் அரசியலமைப்பு 1949 நவம்பர் 26 அன்று ஏற்கப்பட்டது: ஆன். 1950இல் நடைமுறைக்கு வந்தது: இன். எங்கள் காலண்டரில் விடுமுறைப் பட்டியலுக்குப் பக்கத்தில் இப்படிக் குறிப்புகள் போடும்போது நான் இதைத்தான் முதலில் பார்க்கிறேன்.

அரசியலமைப்பு என்றதும் ஒன்று. அதன் முகப்புரையைப் பள்ளிப் புத்தகங்களில் பார்த்திருப்பீர்கள். ஆங்கிலத்தில் அதில் தேதி வருகிற இடம் 'திஸ் ட்வென்ட்டி சிக்ஸ்த் டே ஆஃப் நவம்பர், 1949'. முன்னால் ஆன் இல்லை. 'திஸ்' வந்துவிட்டால் ஆங்கிலத்துக்கு வேறு எதுவும் தேவையில்லை. திஸ், லாஸ்ட், நெக்ஸ்ட், எவ்ரி, நான்குக்கும் இதுதான். நமக்கும் அப்படித்தானே! 'போன மாசம் வந்தார்', 'அடுத்த வாரம் பார்ப்போம்', 'இந்த வருஷம் மழை இல்லை'. 'அடுத்த வாரத்தில் பார்ப்போம்' என்று எழுத்தில் நீட்டுகிறவர்கள்தான் ஆங்கிலத்திலும் 'இன் நெக்ஸ்ட் வீக்' என்று நீட்டுகிறார்கள். பேச்சைக் கேட்டு எழுதினால் இந்தத் தவறு வராது. ஆனால் நம் ஊர் ஆங்கிலப் பத்திரங்களில் 'ஆன் திஸ் த ஃபிஃப்த் டே ஆஃப் மார்ச்' என்று இரண்டையும் சேர்த்து எழுதுவதுண்டு. அது பத்திர நடை. பத்திரத்தில் இருக்கட்டும், கடிதத்துக்குக் கொண்டுவர வேண்டாம்.

இதெல்லாம் கல்லில் வெட்டியது என்றும் நினைக்காதீர்கள். ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய ஆங்கிலத்தில் 'இந்த வருஷத்தில்' என்பதற்கே 'ஆன்'தான் போட்டிருக்கிறார்கள். ஆண்டு வாரியாக எழுதிவைத்த அவர்களுடைய பழைய வரலாற்றுக் குறிப்புகளில் அப்படித்தான் இருக்கிறது. 'ட்வைஸ் எ டே' என்று மருந்துச் சீட்டில் படிக்கிறோமே, அதன் நடுவில் இருக்கிற 'எ' பழைய 'ஆன்' தேய்ந்து நிற்பது. 'ஒரு நாளைக்கு இரண்டு வேளை' என்று நாம் 'க்கு' போடுகிற அதே இடம். இன்றைக்கும் தேய்மானம் நிற்கவில்லை. அமெரிக்கர்கள் 'ஐ வில் கால் யூ மண்டே' என்று 'ஆன்' என்பதை விழுங்கிவிடுகிறார்கள், நாம் 'திங்கட்கிழமை கூப்பிடுறேன்' என்பதைப் போலவே. வாரக்கடைசிக்கு பிரிட்டிஷ்காரர்கள் அட் போடுவார்கள். அமெரிக்கர்கள் ஆன் போடுவார்கள். வாடிக்கையாளர் எந்த ஊர்க்காரர் என்று பார்த்து எழுதிக்கொள்ளலாம். இரண்டும் தவறில்லை.

அமெரிக்கா என்றால் இன்னொரு ஆபத்தும் உண்டு. 10/11 என்று எழுதினால் நமக்கு நவம்பர் 10. அவர்களுக்கு அக்டோபர் 11. இதில் 'இன்', 'ஆன்' இரண்டும் சரியாக இருந்தும் பிரயோஜனம் இல்லை. கிள்ளான் ஆர்டருக்குப் பிறகு மாதத்தை எழுத்தில் எழுதாத எந்தக் கடிதத்தையும் நான் அனுப்புவதில்லை. வருஷத்தையும் நான்கு இலக்கமாக எழுதுகிறேன். '20 நவம்பர் 2019' என்று அன்றைக்கு எழுதியிருந்தால், முன்னால் இன் என்று தவறியிருந்தாலும் விஷயம் ஃபோன் வரைக்கும் போயிருக்கவேண்டியதில்லை. கணினிக் கோப்புகளுக்கு 2019-11-20 என்று வருஷத்தில் தொடங்கிப் பெயர் வைக்கிறோம். ஐஎஸ்ஓ 8601 என்ற உலகத் தர முறை 1988இல் வந்தபோது சொன்னது இந்த வரிசையைத்தான். நம் ஜாதகத்தின் வரிசை.

போன மாசம் அக்கா மகள் வீட்டுக்கு வந்திருந்தாள். ஆறாம் வகுப்பு. தன்னைப் பற்றி ஆங்கிலத்தில் ஐந்து வரி எழுதிக்கொண்டு போகவேண்டுமாம். எங்கள் வீட்டில் குறிப்பெழுதக் கடையில் தாள் வாங்குவதில்லை; கிழித்த தேதித்தாள்களை க்ளிப்பில் மாட்டி வைத்திருப்போம், அதன் பின்பக்கம் எல்லாம் வெள்ளை. அதில் ஒன்றை உருவிக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"சித்தி, நான் பொறந்ததை எழுதணும்."

"மொதல்ல தமிழ்ல சொல்லு."

"ஜூன் மாசம் பன்னெண்டாம் தேதி ராத்திரி ஒன்பது மணிக்குப் பொறந்தேன்."

"மணியிலேருந்து ஆரம்பிச்சு மேல ஏறு. ஒன்பது மணி. க்கு."

"அட் நைன்." எழுதினாள். "ராத்திரி..." என்று பேனாவைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு யோசித்தாள். "காலைக்கு 'இன் த மார்னிங்', சாயங்காலத்துக்கு 'இன் த ஈவ்னிங்'. அப்போ 'இன் த நைட்'டா?"

"இல்லடா. 'அட் நைட்'."

"ஏன் சித்தி? ராத்திரி பெருசுதானே? பகலை மாதிரியே இருக்கு. அதுக்கு மட்டும் ஏன் மணிக்குப் போடுறதைப் போடணும்?"

அதற்கு என்னிடம் தாளும் இல்லை, கட்டும் இல்லை. "இது ஒண்ணை மட்டும் அப்படியே மனசுல வச்சுக்கோ" என்றேன். அவளுக்கு அது போதவில்லை என்று முகத்தில் தெரிந்தது. இருந்தாலும் எழுதினாள். பிறகு 'பன்னெண்டாம் தேதி அன்னைக்கு' என்று தனக்குத்தானே முணுமுணுத்துக்கொண்டு, நான் சொல்லாமலே 'ஆன்' போட்டாள்.